நிலைப்படிக்கு வெளியே

வீட்டைக் காப்பாற்றவென்று தானாகப் போய்ப் படையில் சேர்ந்தவன் சாத்தப்பன். உள்நாட்டுப் போரின் நான்காம் வருடம், எத்தனையோ ஆறுகளைக் கடந்து, எத்தனையோ பேரைப் புதைத்துவிட்டு, அந்தத் தொண்டர் படை பீரங்கியோடு அவன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னாலேயே வந்து நின்றது. வீட்டார் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே எதிரிகள் இருந்தார்கள். கூரையிலிருந்து சமையல் புகை எழுந்தது.

“உன் வீடுதானேய்யா? எங்க அடிச்சா சட்டுனு விழும்?” என்று கேட்டார் கேப்டன்.

“கொல்லைச் சுவருதாங்க. நான் வச்சது. மழைக்கு முந்தி முடிக்கணும்னு அவசரத்துல கட்டுனது.”

இரண்டாவது குண்டிலேயே விழுந்தது. உள்ளிருந்து பதிலுக்கு ஒரு வேட்டுக்கூட வரவில்லை.

வீடு தெரிந்தவன் என்று அவனையே முன்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு போனவன் படியருகே நின்றுவிட்டான். நிலைப்படிக்கு வெளியே, சுவரோரமாக, எதிரிகளின் பூட்ஸுகள் ஜோடி ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு ஜோடிக்குக் கயிறு அறுந்துபோய்ச் சணல் கட்டியிருந்தது, இவனுடையதைப் போலவே.

“என்னய்யா நிக்கிற? உள்ள போ!” என்று பின்னாலிருந்து கேப்டன் கத்தினார்.

சாத்தப்பன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, தன் பூட்ஸின் சணலை அவிழ்க்கத் தொடங்கினான்.