இடப்பக்கக் கதவு

வில்லாபுரத்துச் சந்தில் காலை வெயில் ஒரு வெள்ளைக் குவாலிஸின் மேல் விழுந்துகிடக்கிறது. டொயோட்டா இந்தியாவுக்கு வந்து முதலில் விற்ற வண்டி. கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்தி இருபது வருடமாகிறது. இது இன்னும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இதைத்தான் சிவபாண்டி விற்கப்போகிறார். வாங்க வந்த பேரையூர் அழகுமலை பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சின் பக்கம் காதைச் சாய்க்கிறார். "ஒரு தடவகூட வழியில நின்னதில்ல தம்பி," என்று தொடங்குகிறார் சிவபாண்டி. "வண்டிக்கு முன்னாலயே சொல்லாதீக, கண்ணு பட்டுரும்," என்கிறாள் மனைவி ஒச்சம்மாள். அவர் அழகுமலையைச் சந்துமுனைக்குக் கூட்டிப்போய், தணிந்த குரலில் மிச்சப் பெருமையையும் சொல்கிறார். "இம்புட்டு நல்ல வண்டிய ஏண்ணே விக்கிறீக?" என்கிறார் அழகுமலை. "வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சு. ஓட்டக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

இருவரும் வண்டிக்குத் திரும்பி, ஓட்டிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சிவபாண்டி பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கத்துக் கதவில் கைவைக்கிறார். பிறகு அதை அழகுமலைக்கு விட்டுவிட்டு இடப்பக்கம் சுற்றி வருகிறார். பிடியை இழுக்கிறார். திறக்கவில்லை. மறுபடியும் இழுக்கிறார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒச்சம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வருகிறாள். "கல்லுப்பட்டியில மாடு முட்டுனதுல இருந்து இப்படித்தான். லேசாத் தூக்கி இழுக்கணும்." "எனக்குத் தெரியாதே," என்கிறார் அவர். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கன நாந்தான ஒக்காந்து வந்தேன்." கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறாள். அவர் குனிந்து ஏறி உட்கார்ந்து, கால்களை எங்கே வைப்பதென்று பார்க்கிறார்.