கரடியின் தேன்கடையும் துணைச் செயலிகளும்

காட்டோரத்தில் ஒரு கரடி தேன்கடை வைத்திருந்தது. வரவு, செலவு, சரக்கு இருப்பு எல்லாவற்றையும் இணையத்தில் இயங்கும் ஒரு மென்பொருளே கவனித்துக்கொண்டது. தேனை வீட்டுக்கு அனுப்பும் வேலை மட்டும் அதற்குத் தெரியாது. கணினி வேலை தெரிந்த குரங்கு ஒன்று வந்து, அந்த வேலைக்கென்று மென்பொருளோடு ஒரு துணைச் செயலியைச் சேர்த்துக் கொடுத்தது. வியாபாரம் சூடுபிடித்தது.

கரடிக்கு ஆசை வந்துவிட்டது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப ஒன்று, தேன் பானையின் எடையைக் கவனிக்க ஒன்று, மற்ற செயலிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் ஓயாமல் அனுமதி கேட்டதில், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே கரடிக்கு நேரமில்லை.

ஒருநாள் அணில் மூச்சிரைக்க ஓடிவந்தது. "அண்ணே, பிள்ளை இருமி இருமித் தூங்கவே மாட்டேங்குது. ஒரு கரண்டி தேன் கொடுங்க."

"இரும்மா, புதுசா ஒரு செயலி ஏறிக்கிட்டிருக்கு" என்றது கரடி, திரும்பாமலே.

அணில் நின்று நின்று பார்த்தது. "அப்ப நானே எடுத்துக்கட்டுமா அண்ணே?"

"ம்... ம்..."

அணில் ஒரு கரண்டி தேனை இலையில் ஊற்றிக்கொண்டு, காசைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடியது.

உடனே திரை சிவந்தது: "ஒரு கரண்டி தேன் குறைகிறது. காரணம் தெரியவில்லை."

கரடி பதறிப்போனது. குரங்கைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னது.

"கவலைப்படாதீங்க. கடைக்கு யார் வந்துட்டுப் போறாங்கன்னு பார்த்துச் சொல்ல ஒரு செயலி இருக்கு" என்றது குரங்கு.

கரடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"