வாத்தியார் வீட்டம்மா ஊரில் இல்லை

"ஏம்மா, எதிர்வீட்டுப் பெரியம்மா சமைச்சப்போ யாருமே சாப்பாடு கொண்டு போகல. இப்ப மெக்கானிக் மாமா சமைக்கறார்னதும் ஏன் எல்லாரும் டிபன் பாக்ஸோட ஓடறீங்க?"

தையல்காரம்மாவின் ஏழு வயது மகள் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். கடவுள் சில கேள்விகளைக் குழந்தைகளின் வாயில் கொடுத்து அனுப்புகிறார். தையல்காரம்மா அதை வந்த வழியே திருப்பி அனுப்பினாள்.

"வாயை மூடிட்டு வீட்டுப் பாடத்தை எழுது."

ஆனால் கேள்வி தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. மருந்து ஏற்றிவிட்டு வந்த நாட்களில் வாந்திக்கு வாளி பிடித்தது, துணி துவைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவர் மனைவிதான்.

பார்க்கப் போனவர்கள் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்து, "நீங்கதான் தைரியமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கப்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். தையல்காரம்மாவும்தான். இரண்டு முறை சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்லியும் இருக்கிறாள்.

பத்து நாட்களுக்கு முன் வாத்தியாரின் தம்பி வந்து சேர்ந்தான். லாரி மெக்கானிக். மறுநாள் காலை கையில் கரண்டியோடு வாசலில் நின்று, "அண்ணி அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. இனிமே நான்தான் பார்த்துக்கறேன்" என்று அறிவித்தான். அவள் எப்போது போனாள், எதில் போனாள், யாரும் பார்க்கவில்லை.

தெரு கொதித்தது.

"படுத்துக் கிடக்கற புருஷனை விட்டுட்டு ஒருத்தி போவாளா?" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"அவ கிடக்கறா. அந்தப் பையனுக்குத் தண்ணி காய வைக்கவாவது தெரியுமா, பாவம்" என்றாள் அவர் மனைவி.

அன்று மதியம் மூன்று டிபன் பாக்ஸ் போயிற்று. மறுநாள் ஏழு. கிருமி ஒட்டக் கூடாது என்று மெக்கானிக் வாசலிலேயே வாங்கிக்கொண்டான். யாரும் உட்காரவில்லை. ஆண்பிள்ளையிடம் டீ கேட்க யாருக்கு மனசு வரும்?

தையல்காரம்மாவுக்கு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அக்கா, அக்கா என்று பழகிய தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே. திரும்பி வருவாளா, இல்லை அப்படியே போனவள்தானா?

மகள் கேட்டதற்கு மறுநாள் மதியம் சூப் கொண்டுபோனபோது மெக்கானிக்கிடம் கேட்டேவிட்டாள்.

"தம்பி, அக்கா எப்பப்பா வருவாங்க?"

"அசதி தீரட்டும், வருவாங்கக்கா."

"அசதியாம். சாரை நினைச்சாங்களா?"

உள்ளே அறையிலிருந்து மரம் அறுப்பது போல ஒரு குறட்டை எழுந்தது.

"சார் நல்லாத் தூங்கறார் போல இருக்கே."

மெக்கானிக் கூரையைப் பார்த்தான். "எங்க குடும்பத்துல எல்லாருக்குமே குறட்டை உண்டுக்கா. சூப்பைப் பின்பக்கம் சமையல்கட்டுல வச்சுட்டுப் போங்க. மருந்துக் கடை மூடறதுக்குள்ள நான் ஓடணும்." சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

அவள் பின்வாசல் வழியாகப் போனாள். தொட்டியில் தெருவின் பாத்திரமெல்லாம் மலையாகக் கிடந்தது. எஞ்சின் கழட்டத் தெரிந்தவனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு போக்கத் தெரியவில்லை.

தையல்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வீட்டில் ஐந்து மாதமாகக் குடித்துவிட்டு வைத்த கப்புகளில் ஒன்றையாவது கழுவியிருக்கிறோமா? அக்கா திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடன் கடன்தான்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். யாரும் பார்க்கவில்லை. கடவுள் பார்த்தால் போதும், அவர் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை.

கடைசித் தட்டு கை நழுவி ணங்கென்று விழுந்தது. குறட்டை நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே உறைந்து நின்றாள். நோயாளியை எழுப்பிவிட்டோமே.

நல்லவேளை, ஒரு புரளல் சத்தத்துக்குப் பிறகு மரம் அறுப்பது மறுபடி தொடங்கியது.

அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லக் கனைத்தார்கள். திரும்பினாள். கம்பளிக் குல்லாவும் கையில் செய்தித்தாளுமாக, சுவரைப் பிடித்தபடி கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அறைக்குள் குறட்டை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. உங்க அக்கா உள்ளதான் தூங்கறாங்கறது தெரிஞ்சா, எல்லாரும் மறுபடி டீ கேப்பாங்க."