டிஸ்க் ஓடும் விளக்கு

யோகநாதன் எழுகிறான், பல் துலக்குகிறான், பால் கலக்காத பிளேன்டீயோடு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். தேயிலைத் தோட்ட ஆபீஸில் கழித்துப்போட்ட பெட்டி அது. டிஸ்க் ஓடுவதைக் காட்டும் விளக்கு அதில் இல்லை; நின்றுவிட்டதென்று நினைத்து மனைவி ஜெயமலர் பாதி வேலையில் அணைத்துவிடுவாள். ஒரு விளக்கு வைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் உயிரோடு இருந்தவரை வைக்கவில்லை. இப்போது விளக்கின் கம்பி நுனியில் ஈயம் உருகுகிறது. புகை ஜன்னல் பனியை நோக்கிப் போகிறது. கீழே பெரட்டுக் களத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ரொட்டித் தட்டோடு மாமியார் வந்து நிற்கிறாள். "இத்தினூண்டு லைட்டு என்னத்துக்கு மாப்புள?" "டிஸ்க் ஓடுதான்னு பாக்க, அத்த." சுவிட்சைப் போடுகிறான். சிவப்புப் புள்ளி துடிக்கிறது, நிற்கிறது, மறுபடி துடிக்கிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள். தட்டைக் கீழே வைக்காமலே அவள் கேட்கிறாள்: "எம்புள்ள கடைசியா என்னா சொல்லுச்சு? சாமி பேரச் சொல்லிப் போயிருந்தா எனக்கு மனசு ஆறும்."

இதுவரை அவள் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவைத்தவன், இன்று விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயமலர் சொன்னதை அப்படியே சொல்கிறான்.

"செருப்பக் கட்டிலுக்கு அடியில தள்ளிறாதீங்க, எறங்குறப்ப தேடணும்."