ஆள் தெரியாத தளம்

வாடகைக்கு இருப்பவர்களுக்கென்றே நடக்கும் இணையக் குழு அது. ஒழுகும் கூரையின் கறையைப் படம்பிடித்துப் போட்டு வீட்டுக்காரரின் மானத்தை வாங்கத் துடித்தான் தையல்காரன். படம் போட்டது யாரென்று தெரிந்தால் வீடு போய்விடும்.

“கூரைக் கறைப் படம் ஏத்த இந்த மூணு இணையதளத்துல எது நல்லது? ஆள் தெரியக் கூடாது.” என்று குழுவில் கேட்டான்.

‘நிழல்’ என்ற புனைபெயர்க்காரர் பொறுமையாக விளக்கினார். “முதல் தளம் வாரத்துல அழிச்சிடும். ரெண்டாவது மங்கலாக்கிடும். மூணாவதுல போடுங்க தம்பி. பேர், ஊர் காட்டாது. கறை பளிச்னு தெரியும்.”

“நீங்க தெய்வம்ணே!”

படத்தின் கீழே ‘கஞ்சப் பிசினாரி’ என்றும் எழுதினான்.

காலையில் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

“மூணாவது தளம்னு நான் சொன்னது சரியாப் போச்சா தம்பி? என் வீட்டுக் கறை எனக்குத் தெரியாதா?”

“அந்தக் குழுவுல நீங்க எப்படி...?”

“நானும் வேற வீட்டுல வாடகைக்குத்தானே இருக்கேன்! அங்க இதைவிட மோசமா ஒழுகுது. காலி பண்ணுங்க, நான் இங்க வந்துடறேன்.”