முளைக்காத தலை

"வேண்டாம்க்கா. எடுத்துட்டுப் போயிடுங்க."

நெரெய்தா எங்கள் வாடிக்கைக்காரியிடம் இப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேடி வந்த மருந்தை வேண்டாம் என்கிறாளே, இவளை என்ன செய்வது?

என் பார்லரில் முடிக்கு ரோலர் சுற்றுவதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. சனிக்கிழமை அவளிடம் தலையைக் கொடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற பொம்பளை எங்கள் தெருவிலேயே இல்லை. ஆனால் அவள் தலையில் ஒரு முடி கிடையாது. புழுவெட்டு. சின்ன வட்டமாக ஆரம்பித்து, புருவம் வரைக்கும் வழித்துக்கொண்டு போய்விட்டது. உடம்பே தன் முடி வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். டோப்பா வைத்துக்கொள்ளடி என்றால், வேர்க்குதுக்கா என்பாள்.

அவளும், எங்கள் வாடிக்கைக்காரி சுனில்தாவும் ஆஸ்பத்திரியில் புது மாத்திரைப் பரிசோதனையில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. முடிகிற வரைக்கும் வேறு மருந்தைத் தொடமாட்டேன் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் சுனில்தாவுக்கு ரோலர் நிற்கிற அளவு முடி வந்துவிட்டது. நெரெய்தாவுக்கு அதே பளபளப்புத்தான்.

அந்தச் சனிக்கிழமை, ட்ரையர் இரைச்சலில் பக்கத்தில் நின்ற என்னைத் தவிர யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில், சுனில்தா கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நெரெய்தா கையில் திணித்தாள். சுனில்தாவின் மகள் மயாமியிலிருந்து அனுப்புகிறாளாம். அங்கே அதே மாத்திரை கடையிலேயே கிடைக்கிறதாம்.

"நான் ஆரம்பத்துலேர்ந்து இதையும் சேத்துத்தான் போட்டுக்கறேன். ஆஸ்பத்திரில மாவைக் குடுத்தா யாருக்குத் தெரியும்? உன் மகன் கல்யாணத்துக்குள்ள உனக்கும் முளைச்சிடும்டீ."

சுனில்தாவுக்கு நல்ல மனசு. இந்தக் கழுதைக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

சுனில்தா போனதும் நெரெய்தாவை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளையை அம்மாதான் கைகோத்துக் கோயிலுக்குள் அழைத்து வரவேண்டும். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அத்தனை கண்ணும் அவள் மேலேதான் இருக்கும்.

"மொட்டைத் தலையோட நடக்கப் போறியா? சம்பந்தி வீட்ல சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்க்கா."

"உனக்குக் குடுக்கறது வெறும் மாவுடீ. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள், அடுத்த ஆளுக்குச் சீப்பை எடுத்துக்கொண்டே.

தெரிந்துமா? இவளுக்குப் பித்துத்தான் என்று முடிவு கட்டினேன்.

கல்யாணத்தில் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, மொட்டைத் தலையை நிமிர்த்திக்கொண்டு, மகன் ஹைரோவின் கையைப் பிடித்து நடந்தாள். சம்பந்தி வீட்டுப் பொம்பளைகள் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு அவளுக்காகச் சிலுவை போட்டார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. போட்டோவில் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பரிசோதனை முடிந்து, யார் யாருக்கு எந்த மாத்திரை என்று சொல்ல ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

முதலில் உள்ளே போன சுனில்தா மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தாள். பாவம், ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்ததே நிஜ மாத்திரைதான். அதற்கு மேல் மயாமி மாத்திரையையும் போட்டதால் ரத்தத்தில் இரண்டு பங்கு மருந்து காட்டிக்கொடுத்துவிட்டது. ஈரல் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் திட்டு வேறு. பரிசோதனையிலிருந்தே அவளை விலக்கிவிட்டார்கள். அத்தனை முடி முளைத்தும் அது சாட்சிக்கு உதவவில்லை.

அடுத்து நெரெய்தா போனாள். வெளியே வரும்போது பரிசோதனையை நடத்திய டாக்டர் பெரால்தா அம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்.

"மாவுதான்க்கா" என்றாள் நெரெய்தா.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தேன். டாக்டர் அம்மா என்னைக் கையமர்த்தினார்.

"சந்தேகம் வந்ததும் நிறையப் பேர் பாதியிலேயே நின்னுட்டாங்கம்மா. திருட்டுத்தனமா வேற மருந்து சாப்பிட்டவங்களும் உண்டு. இவங்கள மாதிரி கடைசி வரைக்கும் இருந்தவங்களாலதான், நம்ம ஜனங்களுக்கு இந்த மருந்து வேலை செய்யுதுன்னு எங்களால நிரூபிக்க முடிஞ்சுது. இனிமே இவங்களுக்கும் நிஜ மருந்து உண்டு. சின்னப் பசங்களுக்கும் பரிசோதனை ஆரம்பிக்கப் போறோம்."

திரும்பி வரும்போது நெரெய்தாவைக் கேட்டேன். மாவு என்று தெரிந்தும் ஏன்டீ?

"முளைக்காத தலையும் வேணும்தானேக்கா? எல்லாத் தலையும் முளைச்சா, மருந்தால முளைச்சுதா, தானா முளைச்சுதான்னு யாருக்குத் தெரியும்?"

இவள் என் பார்லர்க்காரி என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லவேண்டும் போல எனக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, தொப்பி போட்ட பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தாள். தொப்பிக்குக் கீழே வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தது.

"புழுவெட்டு மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிச்சவங்க இங்க இருக்காங்களாமே? யாருங்க?"

எல்லார் கண்ணும் சுனில்தாவின் தலைக்குப் போனது. அந்தப் பெண்ணும் அவள் முடியையே ஆசையாகப் பார்த்தது.

சுனில்தா ரோலர் தலையோடு எழுந்தாள். பெண்ணின் தோளைப் பிடித்து, நெரெய்தா பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டாள்.

"நான் இல்லடா கண்ணு. அதோ, அந்த மொட்டைத் தலை."