மன்னிப்புப் பிரிவு

எண்ணூர் ஆலையில் யாராவது செத்தால், அந்த வீட்டுக்குப் போய் நிர்வாகத்தின் சார்பில் அழுது மன்னிப்புக் கேட்பதுதான் சுபத்ராவின் வேலை. அன்று, உருளையில் நசுங்கி இறந்தவனின் மனைவி ரோஸ்லினின் காலில் விழுந்தாள். கம்பெனி கொடுத்த சொட்டு மருந்தில் கண்ணீர் தாராளமாக வந்தது.

“அந்த மிஷின நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டாள் ரோஸ்லின்.

“இல்லக்கா. ஓடிக்கினுதான் இருக்குது.”

“அப்ப நீ எதுக்கும்மா வந்த?”

சுபத்ரா, மன்னித்ததற்குக் கைரேகை வாங்கும் கருவியை நீட்டினாள்.

“நான் வைக்கலன்னா உன்ன வேலய விட்டு நிறுத்திடுவாங்களா?”

சுபத்ரா தலையாட்டினாள். ரோஸ்லின் விரலை அழுத்தினாள்.

“அவங்கள மன்னிக்கல. உன் பொழப்பு கெட வேணாம்னுதான் வச்சேன்.”

‘உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி’ என்றது கருவி.

தெருமுனைவரைகூட சுபத்ராவால் தாங்க முடியவில்லை. சாக்கடையோரம் குந்தி, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் கருவியில் அடுத்த சாவு வீட்டின் முகவரி வந்துவிட்டது.